மேரி அறுக்கச் சொன்ன கூடு

பொன்னேரியில் ரயில் நின்றிருந்தபோது அந்தோணியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மேரி பூட்டாக்கா. காத்தால நாஷ்டா கேட்டா. நான்தான் ஊட்டி வுட்டேன்..." மேரியின் கணவர் அதோடு போனை வைத்துவிட்டார். கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் கம்பெனிப் பக்கம் திரும்பாமல் மேரியின் ஊரான ஆரம்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

லேசர் வெல்டிங் பிரிவில் சகாயமேரியோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லேசர் வெல்டிங் இயந்திரத்தை இங்கே முதலில் ஓட்டியவள் அவள்தான். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு, முகமூடி போட்டுக் குனிந்தே வேலை செய்துகொண்டிருந்தவள். மூடிய அறைக்குள் இயந்திரக் கை தானாக வெல்டு போடுவதை வெளியே திரையில் பார்க்கும் வேலை கிடைத்ததும், "சீரியல் பாக்க சம்பளம் குடுக்கறாங்கடி சாந்தி" என்றாள். பக்கத்து மேஜையில் பொருட்களைச் சோதிப்பது என் வேலை. சாப்பிடக் கூப்பிட்டால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருடி, ஹீரோயினி அழுதுனுகீறா" என்பாள்.

அவள் தங்கை ஜெபா குவைத்துக்கு வேலைக்குக் கிளம்பியபோது மீனம்பாக்கத்துக்கு நானும் போனேன். நாங்கள் செய்யும் டைட்டானியக் கூடுகள் விமான எஞ்சினுக்குப் போகின்றன என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள், விமானத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். அது மேலே எழும்பியதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி வெல்டு இருக்கும்டி அதுல? யார் யார் போட்டாங்களோ. அன்னிக்கி அவங்களுக்கு இன்னா தலவலியோ, ஊட்டுல இன்னா சண்டையோ."

ஜெபா போய்ச் சேர்ந்து போன் பண்ணிய பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, பெங்களூரு ஆர்டர் ஒன்று முடியும் நேரத்தில், ஒரு கூட்டின் வெல்டு வெள்ளி நிறமாக இல்லாமல் ஓரத்தில் லேசாக மஞ்சளித்திருந்தது. காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயு சரியாக வராவிட்டால் டைட்டானியம் நிறம் மாறும். ஆனால் அந்த அளவு மஞ்சள் இருக்கலாம் என்றுதான் விதி. எக்ஸ்ரேயிலும் குறை தெரியவில்லை. மேரி இயந்திரத்தை நிறுத்திவிட்டாள்.

"அறுத்துப் பாக்கணும் சார்."

மேனேஜர் வரதராஜன் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "லாரி வந்து நிக்குது மேரி. அறுத்தா ஒரு பீஸ் கொறையும். பெங்களூருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"எனக்கு சந்தேகமாகீது சார். அத்தயும் பொட்டில வெச்சா அனுப்பறது?"

சார் வெளியே நின்ற லாரியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "அறுங்க" என்றார்.

அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒரு சின்னத் துளைகூட இல்லை. அருமையான வெல்டு. எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே மேரி வந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "நல்ல பீஸ அறுத்துட்டேம்பா! எம்மேலதான் தப்பு!"

எல்லோரும் சிரித்தார்கள், சாரைத் தவிர. லாரி ஒரு கூடு குறைவாகவே கிளம்பியது.

பெங்களூரிலிருந்து வந்த அதிகாரி எங்கள் எல்லோர் முன்னாலும் சாரைக் கடிந்துகொண்டார். "நான்தான் சார் அறுக்கச் சொன்னேன்" என்று மேரி முன்னால் வந்தாள். சார் அவளைக் கையமர்த்திவிட்டு அதிகாரியிடம் சொன்னார்: "அறுக்க விட்டது நான். நாளைக்கு இந்தப் பொண்ணு மறுபடியும் கேட்டாலும் விடுவேன்."

அத்தனை பேர் சிரித்தபோது கலங்காதவள், அதைக் கேட்டதும் என் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவளைக் கடைசியாகப் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கிது. இல்லன்னு சொன்னா டாக்டரு இன்னாத்தடி பாப்பாரு?" என்று சிரித்தாள்.

அவளை அடக்கம் செய்த அன்று வரதராஜன் சார் கல்லறைத் தோட்டத்தில் கடைசி ஆள் போகும்வரை நின்றிருந்தார்.

சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவது, அது தப்பாகிப் போனால் அதையும் உரக்கச் சொல்லிச் சிரிப்பது. இவற்றைத்தான் அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். முதலாவது ஓரளவு வந்துவிட்டது. இரண்டாவதைப் பழகிக்கொண்டிருக்கிறேன், மேரி.