அண்ணனும் தம்பியும் பேச மறுத்தார்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணூரில் ஒரு நிச்சயதார்த்தம். எனக்கு மாப்பிள்ளையையும் தெரியாது, பெண்ணையும் தெரியாது. ஆனாலும் போனேன்... சுயநலம்தான்!

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஓர் அண்ணன், ஒரு தம்பி. சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், பல வருடம் கழித்து எதிரெதிரே நிற்கிறார்கள். நின்றார்கள்... நின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு வரி நகரவில்லை. "மன்னிச்சிடுடா" என்று எழுதினால் டிவி சீரியல். அழவைத்தால் அதைவிட மோசம். நாவலையே மூட்டை கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு தேசிங்கு வந்தார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர். சொந்தத் தம்பியோடு பல வருடமாகப் பேச்சு இல்லை — அப்பாவின் சாவு வீட்டில் வெடித்த சண்டை. இப்போது தம்பி மகளுக்கு நிச்சயம். தம்பி கூப்பிடவில்லை, தம்பி மனைவிதான் வந்து கூப்பிட்டிருக்கிறார்.

"தனியா போக பேஜாரா கீது. நீயும் வா நைனா."

எனக்கு உள்ளுக்குள் குஷி. என் சீன் கண்ணெதிரே நடக்கப்போகிறதே!

தெருவை அடைத்து ஷாமியானா. நாங்கள் ஆட்டோவை விட்டு இறங்கிய நேரம் பார்த்து, கடல்காற்று ஒரு தூக்கு தூக்கியது. பந்தல் பலூன் மாதிரி எழும்ப, ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார் தம்பி. எங்களைப் பார்த்துவிட்டார். தேசிங்கு அப்படியே நின்றுவிட்டார். வாசலில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி என்ன சொல்லப்போகிறார்?

"இன்னா பாத்துகினு நிக்கிற? கயித்தப் புடிண்ணா!"

தேசிங்கு செருப்பை உதறிவிட்டு ஓடினார். கயிற்றைப் பிடித்ததும் முதல் வேலையாகத் திட்டினார். "எவன்டா இந்த முடிச்சப் போட்டது? கலீஜா கீது!"

"நான்தான்" என்றார் தம்பி.

"அதான பாத்தேன்!"

அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து இழுத்துக் கட்டினார்கள். வியர்வையைத் துடைக்கிற சாக்கில் தேசிங்கு கண்ணையும் துடைத்துக்கொண்டார். தம்பி அதைப் பார்க்காத மாதிரி இன்னொரு முடிச்சுப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். வெறும் கையோடு எதிரெதிரே நிறுத்திவைத்து "பேசு, பேசு" என்றால் யார்தான் பேசுவார்கள்? பாவம் என் ஆட்கள்! கடை வாசலில் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். சரக்கு இறக்க ஆள் வரவில்லை. கம்பிக் கட்டின் ஒரு முனையைத் தம்பி பிடிக்கிறான்... மறுமுனைக்கு ஆள் வேண்டுமே! அத்தியாயம் அன்றே முடிந்தது.

விஷயம் தெரிந்து தேசிங்கு வந்தார். "இன்னா நைனா, நம்மள கதையில போட்டுட்டியாமே? ஹீரோவா, வில்லனா?"

"அண்ணன்" என்றேன்.

"அப்ப ரெண்டும்தான்!"