அவள் காதுக்கு மட்டும் கேட்ட மூன்றாவது வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காத்து கருப்பு இந்த வகையறாவுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "லேப்டாப்புல என்னமோ கூடியிருக்கு, அதுவா ஆஃப் ஆகுது" என்று திருநீறு பூசிய லேப்டாப்போடு வந்த ஆளுக்கு, ஃபேனுக்குள் அடைத்திருந்த தூசியை ஊதிக் காட்டி, இதுதான் ஓய் உம்ம பேய் என்று சொல்லி அனுப்பியவன் நான். சிலை செதுக்குகிற மயிலாடியிலிருந்து வரும் பெட்டியில் கல் பொடி இருக்கும், கடலோர முட்டத்திலிருந்து வருவதில் உப்புத் துரு இருக்கும், மிச்சமெல்லாம் டிரைவர் கோளாறு. டிரைவர் என்றால் கார் ஓட்டுகிறவர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு பாகத்தையும் வேலை செய்ய வைக்கிற சின்ன சாப்ட்வேர். அது சரியில்லையென்றால் பாட்டு திக்கும், பெட்டி திடீரென்று செத்துப் போகும். அவ்வளவுதான். இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், நானும் உங்கள் இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன்.

2010-ஆம் வருடம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள். முட்டத்திலிருந்து ஜெனிட்டா என்கிற பெண் போன் செய்தாள். லேப்டாப் திக்குகிறது, நடுவில் செத்துப் போகிறது, வீட்டுக்கு வர முடியுமா என்றாள். கடைக்குக் கொண்டு வா என்றேன். "வரலாம்ணே, ஆனா எனக்குக் கண்ணு தெரியாது. சாயந்திரம் நாலு மணிக்கு டெஸ்ட் இருக்கு" என்றாள். பிறகு எப்படி வரமாட்டேன் என்பது, பைக்கை எடுத்தேன்.

கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் வீடு. அம்மா மீன் விற்கப் போயிருந்தாள், ஜெனிட்டா மட்டும்தான் இருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். திரையில் உள்ளதையெல்லாம் ஒரு இங்கிலீஷ் குரல் வாசித்துச் சொல்லும் சாப்ட்வேரை வைத்து லேப்டாப்பை ஓட்டினாள். ஐயோ, அந்த வேகத்தைக் கேட்க வேண்டுமே, எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை, அவள் கேட்டுக்கொண்டே என்னிடமும் பேசுகிறாள்! சென்னைக் கம்பெனி ஒன்றில், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை, அதற்குத்தான் இந்த டெஸ்ட். போன தடவை டெஸ்ட்டில் பத்தாவது நிமிடம் லேப்டாப் செத்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறாள், இதுதான் கடைசி.

"லேப்டாப்பு சாவும்போ ஒங்களுக்கெல்லாம் திரையில நீலக் கலர் வருமாமே, எனக்கு அதுவும் கெடையாது. திடீர்னு ஒரு சத்தமும் இருக்காது, அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "கோயில்ல சகாயம் குடுக்குத லிஸ்ட்டுல வருஷா வருஷம் எனக்க பேரு இருக்குண்ணே. பங்குச்சாமி நல்ல மனசோடதான் போடுதாரு. இந்த வேலை கிடைச்சா நானே போயி அதை வெட்டச் சொல்லுவேன்" என்றாள். நான் உடனே வேலையைப் பார்த்தேன்.

லேப்டாப்பை அவள் அண்ணன் ஜெரால்டு துபாயிலிருந்து கொடுத்துவிட்டிருந்தான், பழையது. முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன், டிரைவர் எல்லாம் புதிது, அந்த வாசிக்கிற சாப்ட்வேரையும் திரும்ப ஏற்றினேன். மணி இரண்டரை. பாட்டைப் போட்டால் திக்குகிறது. சவம்! எந்த டிரைவர் இடைஞ்சல் செய்கிறது என்று காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு, எல்லாம் சரியாக இருந்தால் பச்சைக் கோடு, தொல்லையென்றால் சிவப்பு. சிவப்பு கூரை வரைக்கும் நிற்கிறது. லேப்டாப்பின் பாகமெல்லாம் வரி வரியாக இருக்கும் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன், வைஃபை, கேமரா, நெட்டுக்குச் செருகும் குச்சி. ஒன்றுக்கும் அசையவில்லை. நடுவில் ஒரு தடவை நீலத் திரையும் வந்தது. மூன்றரை ஆனபோது என் சட்டை முழுக்க வியர்வை.

"அந்த மூணாவதை நிறுத்திப் பாத்தியளாண்ணே?" என்றாள் ஜெனிட்டா.

எந்த மூன்றாவது? பட்டியலில் சவுண்டு என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரிதான் இருந்தது. "இல்ல, மூணு" என்று கையை நீட்டிக் கீழ் அம்புக்குறியைத் தட்டினாள். முதல் வரி, குரல் வாசித்தது. இரண்டாவது, வாசித்தது. மூன்றாவது தடவை தட்டினாள். எந்த வரியில் நிற்கிறோம் என்று காட்டுகிற நீலப் பட்டை இரண்டாவது வரியின் மேல் இருந்தது, அது திரையிலிருந்து காணாமல் போனது. குரல் வாசித்தது, "சிலுவைதாசன்."

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், நான் அந்தத் திரையை மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே வெறும் வெள்ளை. நான் தட்டினேன், பட்டை இரண்டாவது வரியிலேயே நின்றது. அவள் தட்டினாள், பட்டை மறைந்தது, சிலுவைதாசன். இரண்டு மணி நேரம் முன்னால் என் கையால் மொத்தமும் அழித்துப் போட்ட பெட்டி அது!

"பழைய விண்டோஸ்லயும் இவரு உண்டு. எல்லா லேப்டாப்புலயும் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பயமே இல்லை அவளுக்கு, அவளுக்குத்தான் எது உண்டு எது இல்லை என்று பிரித்துக் காட்ட யாரும் இல்லையே. எனக்கும் அப்போது பயம் வரவில்லை, சத்தியமாக. இது எங்கிருந்து வருகிறது என்ற அரிப்புதான் இருந்தது. ஆனால் மணி மூன்று ஐம்பது. "நிறுத்து மக்கா, எதுவா இருந்தாலும் நிறுத்து" என்றேன்.

அவள் ஒரு நொடி யோசித்தாள். "ஒரு மணிக்கூறு பொறுத்துக்கிடுங்க என்ன, டெஸ்ட் முடிஞ்சதும் திரும்ப போட்டுத் தாரேன்" என்று லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாள். மூன்று கீயைத் தட்டினாள். திக்கல் நின்றது. மீட்டரில் சிவப்பு சடாரென்று இறங்கிப் பச்சையானது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டெஸ்ட்டைத் தொடங்கினாள்.

அவளுடைய போன் தொந்தரவு செய்யக் கூடாதென்று அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜெரால்டு கூப்பிட்டான், டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்க. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, "சிலுவைதாசன் ஆரு?" என்றேன்.

 "உமக்கு ஆரு சொன்னா?" என்றான்.

"லேப்டாப்புல பேரு கெடந்துது."

"இங்க எனக்க ரூம்ல கூடக் கெடந்த பய ஓய், நம்ம பக்கத்து இனயம் ஊருக்காரன். ஒரு நா உறங்கினவன் எழும்பல்ல. அவனுக்க லேப்டாப்புதான் அது. அவ கண்ணுக்கு அந்தச் சாப்ட்வேரெல்லாம் தேடிச் சொல்லித் தந்ததே அவன்தான். நான் வீட்டுக்குப் போன் பண்ணிட்டு வச்ச உடனே கேப்பான், தங்கச்சி டெஸ்ட் எழுதினாளா, தங்கச்சிக்கு வேலை ஆச்சான்னு. ஒரு நாளு கூட அவளைக் கண்டது கெடையாது. செத்தவனுக்க சாமானம்னு அவளுக்குத் தெரியாண்டாம், சொல்லிராதயும்." அழுகிறான் என்று குரலிலேயே தெரிந்தது. நான் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

உள்ளே போனபோது டெஸ்ட் முடிந்திருந்தது. லேப்டாப் சாகவில்லை, ஒரு சொல் திக்கவில்லை. ஜெனிட்டா முகம் முழுக்கச் சிரிப்பு. நான் ஸ்க்ரூ டிரைவர், சிடி எல்லாவற்றையும் பையில் போட ஆரம்பித்தேன். ஹெட்செட் என்னுடையது, கடையிலிருந்து கொண்டு வந்தது. அதன் பிளக்கை லேப்டாப்பிலிருந்து உருவினேன், மற்ற முனை அவள் காதிலேயே இருந்தது, கழற்றித் தருவாள் என்று வயரைச் சுருட்டியபடி நின்றேன்.

அவள் கழற்றவில்லை. கீழ் அம்பைத் தட்டினாள், பிறகு இன்னும் மூன்று கீ. வாக்குக் கொடுத்திருந்தாளே, திரும்பப் போடுகிறாள் என்று புரிந்தது. மீட்டர் இன்னும் திறந்தேதான் இருந்தது, அதில் சிவப்பு ஏறியது.

"அண்ணே, இந்தத் திக்கலு சும்மா திக்கலு இல்ல. இவ்வளவு நாளும் எனக்குக் கடுப்புதான் வந்துது, நான் ஒழுங்கா கேட்டதே இல்ல" என்றாள். தலையை லேசாகச் சாய்த்தாள். காதில் கேட்பதை டைப் அடிப்பதுதானே அவள் வேலை, விரல் பாட்டுக்கு ஓடியது. திரையில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி வந்தது, நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

டெஸ்ட் எங்ஙன இருந்துது மக்கா.

"நல்லா எழுதினேண்ணே, ஒரு எடத்துலயும் நிக்கல்ல" என்றாள் ஜெனிட்டா.

என்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "கொள்ளாம் மக்கா" என்றேன். அவள் சிரித்தாள். "ஒங்ககிட்ட இல்லண்ணே" என்றாள்.

வேலை கிடைத்தது. லிஸ்ட்டில் பெயரை அவளே போய் எடுக்கச் சொன்னாளாம், போன் செய்து சொன்னபோது அப்படி ஒரு குதூகலம். அந்த லேப்டாப் அதன் பிறகு செத்ததே இல்லை, வேலை நேரத்தில் திக்குவதும் இல்லை. ஏதோ ஒரு டிரைவரின் மிச்சம், என் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், உங்களுக்கும் ஏதாவது தோன்றும், சொல்லுங்கள், கேட்கிறேன். ஆனால் ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும். லேப்டாப்பின் ஸ்பீக்கரில் அப்போது ஒரு சத்தமும் வரவில்லை, நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் கேட்டதெல்லாம் அந்த ஹெட்செட்டில். அவள் டைப் அடித்து முடிக்கிற வரைக்கும் அதன் பிளக் என் கையில் இருந்தது.