வாசலில் ஊற்றிய கஷாயம்

எங்கள் வேனில் ஒரு பழக்கம் உண்டு. ஆனைக்குட்டம் விலக்கு தாண்டியதும் எல்லோரும் இருமித் தீர்த்துவிட வேண்டும். அடக்கி வைத்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நோய்நொடி இல்லாதவர்கள் மாதிரி பட்டாசுக் கம்பெனி வாசலில் இறங்குவோம். டிரைவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார்.

காரணம் இதுதான். தீபாவளி முடிந்து, கம்பெனி பூட்டி, மழையெல்லாம் ஓய்ந்தபின் அடுத்த சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். அந்த வருடம் மருத்துவ முகாம் வரப்போகிறது, நெஞ்சுப் படம் எடுப்பார்கள் என்று பேச்சு வந்தது. யார் நெஞ்சிலாவது கோளாறு தெரிந்தால் கம்பெனிதான் வைத்தியச் செலவைப் பார்க்க வேண்டும். அதனால் முகாமுக்கு முன்னாலேயே இருமுகிறவர்களைக் கழித்துவிட்டார்கள். போர்மேன் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

என் அக்கா வெடிமருந்து அறையில் அலுமினியத் தூளோடு இருந்தவள். துப்பினால் சாம்பல் நிறத்தில் வரும். மாமா செத்துப் போன பிறகு அவள் கைதான் அடுப்பை எரிய வைத்தது. அந்த வேலையும் போனால் அவளும் மகளும் என்ன செய்வார்கள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கும். நான் பேக்கிங்கில் இருந்தேன். என் சம்பளம் என் வீட்டுக்கே பற்றாது.

அக்கா கெட்டிக்காரி. வாசலைக் கடக்கும்வரை கடைவாயில் சித்தரத்தைத் துண்டை அடக்கிக்கொள்வாள். வீட்டில் காலையும் மாலையும் கஷாயம். சுக்கு, மிளகு, திப்பிலியை வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டி, வேலியோரத்து ஆடாதோடை இலையைக் கிள்ளிப் போட்டு, நாலு பங்குத் தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை கொதிக்க விடுவாள். கறுப்பட்டியைக் கடைசியில்தான் போடுவாள். அதில் அவளுக்கு ஒரு திமிரே உண்டு. தெருவில் வேறு யார் வைத்த கஷாயத்தையும் வெந்நீர் என்றுதான் சொல்வாள்.

ஒரு காலையில் முதலாளியம்மாவே காரில் வந்து இறங்கினார். பின்னால் பெரிய தூக்குப் போணியில் கஷாயம். பனிக்கு நல்லது என்று தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். பெண்கள் உருகிப் போய்விட்டார்கள். இரண்டாம் தம்ளர் கேட்டவர்களைப் போர்மேன் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தம்ளரோடு நிறுத்திக்கொள் என்று அக்காவிடம் கண்ணைக் காட்டினேன். அவளும் ஒரு தம்ளரோடுதான் நிறுத்தினாள். வாயைத்தான் நிறுத்தவில்லை.

"ஆடாதோடை போடலையாம்மா?"

"அது கசக்குமே."

"கசந்தாத்தான சளி அத்துக்கிட்டு வரும். கறுப்பட்டியும் முன்னாடியே போட்டுட்டீக, அதான் கூழாட்டம் இருக்கு."

முதலாளியம்மா சிரித்துக்கொண்டே பக்குவம் கேட்டார். அக்கா பெருமை தாங்காமல் இலையிலிருந்து இறக்குவதுவரை ஒப்பித்தாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன், தட்டிவிட்டாள்.

"நீ தெனமும் குடிக்கியாம்மா?"

"ரெண்டு வருசமா ரெண்டு வேளையும். இது இல்லாட்டி மூச்சு விட முடியாதுல்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முதலாளியம்மா அவள் தோளைத் தொட்டு, "அடப் பாவமே, அம்புட்டு நாளாவா?" என்றார். அப்புறம் போர்மேன் பக்கம் திரும்பி, "இவள வீட்ல இருந்து ஒடம்பப் பாக்கச் சொல்லுங்க," என்றார். குரலில் கருணை வழிந்தது.

மறுநாள் முதலாளியம்மாவின் டிரைவர் அக்கா வீட்டுக்கு வந்தார். ஆடாதோடை இலை வேண்டுமாம். நானாக இருந்தால் வேலியை வெட்டி அடுப்பில் வைத்திருப்பேன். அக்கா பூச்சி அரிக்காத இலையாகப் பார்த்துப் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

அடுத்த காலையில் வாசலில் மறுபடி கஷாயம். "எங்க அம்மா வீட்டுப் பக்குவம்," என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார் முதலாளியம்மா. குடித்தேன். அசல் அக்காவின் கை.

சாயந்தரம் வேனை விட்டு இறங்கியதும் அக்கா தெருமுனைக்கே வந்துவிட்டாள்.

"குடிச்சியா? எப்பிடி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"கறுப்பட்டி?"

"சரியா இருந்துச்சு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. "அப்ப முகாம் முடிஞ்சதும் கூப்புட்டுருவாக. நம்மள மறந்திருக்க மாட்டாக," என்றாள். இப்படி ஒரு நம்பிக்கையோடு இவள் எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. அந்த நம்பிக்கையை வெட்டி விடுவதே மேல் என்று பட்டது.

"ஒன் எடத்துல ஆள் போட்டாச்சுக்கா."

நின்றுவிட்டாள். கொஞ்சம் இருமினாள். "யாரு?"

"காரியாபட்டிப் பக்கத்துப் புள்ள. புதுசாக் கட்டிக்கிட்டு வந்தவ."

"இருமுறாளா?"

"இல்ல."

"இருமுவா," என்றாள் அக்கா.