படிக்கட்டுக்கு வந்த பிரஷர்

"ஏறுங்க, ஏறுங்க! மேல எடமிருக்கு! நடுப்படியில நின்னு பேசாதீங்க!"

மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு இப்படிக் கூவுகிறவரைக் குடியிருப்பில் எல்லோரும் பிரஷர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதினோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போது அந்த மூன்றாம் மாடியில் இருக்கும் சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிறார். வேலை மாறியதே தவிர வாய் மாறவில்லை. ஒருவருக்குப் பார்த்து முடித்ததும் "போலாம் ரைட்!" என்பார், அடுத்தவர் தானாக வந்து கையை நீட்டிவிடுவார். மதியச் சாப்பாட்டைக்கூட நின்றபடிதான் சாப்பிடுகிறார், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கட்டடம் பிரேக் போட்டால் விழுந்துவிடக் கூடாது பாருங்கள்.

சேர்ந்த புதிதில் அவர் செய்த காரியத்தைக் குடியிருப்பு இன்னும் மறக்கவில்லை. கூட்டம் தேங்கக் கூடாது என்பது கண்டக்டர் புத்தி. படியேறி வந்தவர்களை வந்த சூட்டோடு பிடித்துக் கையில் பட்டையைச் சுற்றினார். பத்தே நாளில் முப்பத்தொரு பேருக்கு ரத்தக் கொதிப்பு என்று எழுதி டாக்டரம்மாவிடம் அனுப்பியும் விட்டார். தெருவே கலங்கிப்போனது. ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். நாலாம் நாள் அவர் மனைவி அவரையே தூக்கிப் பரண்மேல் வைக்காத குறை. டாக்டரம்மா எல்லோரையும் உட்காரவைத்து, மூச்சு அடங்கிய பிறகு பார்த்தால் இருபத்தாறு பேருக்கு ஒன்றுமே இல்லை.

"ஏம்மா, ஊரையே நோயாளியாக்கிட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் டாக்டரம்மா.

அக்கா ஒரு நாள் முழுக்க அவமானப்பட்டார். மறுநாள் படிகளை எண்ணினார். ஐம்பத்து நான்கு. மேலே வராந்தாவில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. "ஏறி வர்றவங்களுக்கு இல்லாத வியாதி வருது. வியாதி இருக்கறவங்களால ஏறவே முடியல. இதென்ன ரூட்டுங்க?" என்று போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திக் கேட்டார்.

ஏற முடியாதவர்களில் முதல் ஆள் அவருடைய சொந்த அண்ணி. தரைத்தளத்தில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு முட்டியும் போச்சு. போன மாதத்தில் இரண்டு தடவை தலைசுற்றி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அக்கா தன் கண்ணாலேயே பார்த்தார். கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பார் அண்ணி. "கல்லுக்குத் தலை சுத்துமா அண்ணி?" என்று அக்கா சிரித்தாலும், உள்ளுக்குள் பயம் அவரை அரித்தது. கருவியைக் கீழே கொண்டுபோகவும் வழியில்லை. நிலையத்தின் அறையை விட்டு அது வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

இஸ்திரிக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு காலி அறை பூட்டிக் கிடந்தது. சாவி நிலையத்தின் மேலதிகாரியிடம். பழைய ஃபைல்களை அதில் அடுக்கப்போவதாக அவர் முடிவு செய்திருந்தார். ரத்த அழுத்தம் பார்க்க அந்த அறைதான் வேண்டும் என்று அக்கா விடவில்லை. வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். சாயங்காலம் ஏழு மணிவரை திறந்திருக்க வேண்டும் என்றார் ஃபேக்டரித் தொழிலாளி. சக்கர நாற்காலி ஏறச் சரிவு வேண்டும் என்றார் மேஸ்திரி. தச்சர் ஒரு பெஞ்சைச் செய்து பூட்டிய கதவுக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை அதிகாரியே பார்வையிட வந்தார், ஃபைல் மூட்டைகளை எப்போது இறக்கலாம் என்று பார்க்க. அக்கா அவரோடு கூடவே படியேறினார். ஏறும்போதே பிள்ளைகள் எத்தனை, மூத்தவன் என்ன படிக்கிறான், சம்பந்தி எப்படி என்று கேள்விமேல் கேள்வி. மரியாதைக்கு அதிகாரியும் ஐம்பத்து நான்கு படியும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே வந்து சேர்ந்த மறுநொடி பட்டை அவர் கையில் இருந்தது.

"நூத்தி அறுபத்தெட்டு!"

அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. "எங்க பரம்பரையிலயே யாருக்கும் கெடையாதேம்மா!"

அக்கா ஒரு நாற்காலிமேல் இருந்த ஃபைல் கட்டைத் தள்ளிவிட்டு அவரை உட்காரவைத்தார். கால் இரண்டையும் தரையில் ஊன்றச் சொன்னார். பேசக் கூடாது என்றார். ஐந்து நிமிஷம் அதிகாரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு தன் சொத்துபத்துகளை மனத்துக்குள் பாகம் பிரித்திருப்பார். அக்கா மறுபடி பார்த்தார். நூற்று இருபத்தெட்டு.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல சார். வியாதி இந்தப் படிக்கட்டுக்குத்தான்."

வராந்தாவில் நின்றிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரிக்கு உயிர் திரும்பி வந்த சந்தோஷம்; அவரும் சேர்ந்து சிரித்தார். இருந்தாலும் அதிகாரியல்லவா, கடைசியாக ஒன்று கேட்டார்: "சரிம்மா, அப்ப ஃபைலையெல்லாம் எங்க வைக்கறது?"

"அதுங்களுக்கு என்ன முட்டி வலியா சார்? மேலயே இருக்கட்டும்."

"இனிமே கீழ இருக்கறதும் நிலையத்தோட அறைதான்" என்று அதிகாரி சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார். கருவியைப் பச்சைக் குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா இறங்கி ஓடினார். பின்னாலேயே பாதிக் குடியிருப்பு. கதவைத் திறந்தால் உள்ளே முழங்காலளவு தட்டுமுட்டு, கூரையெல்லாம் ஒட்டடை. "கூட்டித் தொடச்சு, வெள்ளையடிச்சு, திங்கக்கெழம ஆரம்பிச்சிடலாம்" என்றார் டிரில் மாஸ்டர்.

அக்கா காதில் வாங்கவில்லை. பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுக் கருவியை அதன்மேல் வைத்துவிட்டு நேரே பக்கத்துக் கடைக்குள் போனார்.

"இரு, இந்த ஒரு சட்டைய முடிச்சிடறேன்" என்றார் அண்ணி.

அண்ணியின் கையிலிருந்து சூடான இஸ்திரிப் பெட்டியை வாங்கி நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார் அக்கா.