‘அப்புறம்?’ என்றால் வயிறு கலங்கும்

போன வாரம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, டைரக்டர் தம்பி ஒருவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கமான பையன். “அப்புறம்க்கா?” என்று அவன் கேட்டதுதான் தாமதம், கதையில் இல்லாத ஒரு சண்டையைச் செருகிவிட்டேன். இத்தனை படம் எழுதியாயிற்று, இன்னும் இந்த ஒரு வார்த்தைக்கு உள்ளங்கை வேர்க்கிறது. சிரிக்காதீர்கள்.

அந்தக் கடைக்கு எதிர்ச் சந்தில் முன்பு வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அம்மா அங்கே பெட்ஷீட் துவைத்தாள். அவள்மேல் எப்போதும் சோப்புத்தூள் வாசனை அடிக்கும். எனக்கு டவுனில் பள்ளிக்கூடம். விட்டதும் விடுதிக்கு ஓடி, துணி காயும் மொட்டைமாடியில் வீட்டுப்பாடம் எழுதுவேன். பிறகு இருவரும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடிப்போம். பஸ் லேட்டானால் அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே இருப்பாள். வீட்டில் அப்பா இருப்பார்.

அப்பா லோடு வேன் ஓட்டினார். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சந்தேகம் மட்டும் குறையாது. நாங்கள் வாசலில் கால் வைத்ததும் ஆரம்பிப்பார்.

“இன்னாடி லேட்டு? எவன்கூட பேசிட்டு வர்ற?”

அம்மாவுக்கு உண்மையைச் சொன்னாலும் வாய் திக்கும். திக்கினால் அடி. ஒருநாள் பயத்தில் நான் வாயைத் திறந்துவிட்டேன். “பௌர்ணமிப்பா. கிரிவலத்துக் கூட்டம். பஸ்ஸு நவுரவே இல்ல.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “அப்புறம்?”

அன்று நிஜமாகவே பௌர்ணமி, தப்பித்தோம். ஆனால் பாழாய்ப்போன பௌர்ணமி மாதத்துக்கு ஒன்றுதானே வருகிறது! மற்ற நாட்களுக்கு நான்தான் கூட்டம் சேர்க்க வேண்டியிருந்தது. டயரைப் பஞ்சராக்கினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு ஒரு பெரியம்மாவைச் சண்டைக்கு விட்டேன். அப்பாவுக்குச் சண்டை என்றால் உயிர். “அப்புறம்?” என்று உட்கார்ந்துவிடுவார். அந்த வார்த்தை வந்துகொண்டிருக்கும்வரை கை ஓங்கமாட்டார். கதை தீர்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

ஒருமுறை நடுவில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அப்பா எழுந்தார். அடுப்படியிலிருந்து அம்மா, கொஞ்சமும் திக்காமல், “மாடு குறுக்க வந்துச்சே, அத்த சொல்லுடி” என்றாள். எந்த மாடு? எங்கே வந்தது? அப்பா மறுபடி உட்கார்ந்தார். எனக்கு வாய்த்த முதல் நடிகை அவள்தான்.

பிற்பாடு கல்லூரியில் நாடகம் எழுதினேன். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால்கூட நடுங்குவேன். அப்படியே சென்னையில் ஒரு நாடகக் குழு, அங்கிருந்து சினிமா. முதல் தயாரிப்பாளர் முகத்தைச் சுளித்தபோதெல்லாம் ஒரு திருப்பம் சேர்த்தேன். “எங்கேருந்தும்மா புடிச்ச இவ்ளோ கதை?” என்று அசந்துபோனார். அடி விழுமே என்ற பயத்தில் பிடித்தது என்று சொல்லவா முடியும்? படம் நன்றாக ஓடியது. “உங்க சீன்ல மூச்சு விட முடியலீங்க” என்று இன்றும் புகழ்கிறார்கள். நாங்கள் மட்டும் மூச்சு விட்டோமாக்கும்!

இப்போது அந்த விடுதி இல்லை, அப்பாவும் இல்லை. அம்மாவுக்கு வேங்கிக்காலில் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். காபிக் கடையிலிருந்து நேரே அங்கே போனேன். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசியபடி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க வூட்டுக்காரரு கோவக்காரருதான். ஆனா ஒருநாளும் எம்மேல கை வெச்சதில்ல.”

ஒப்புக்குச் சொல்கிறாளோ என்று அம்மா முகத்தைப் பார்த்தேன். இல்லை, நம்பித்தான் சொன்னாள். அந்த நாட்கள் அவளிடமிருந்து போயே போய்விட்டன. எனக்குப் பயமாக இருந்தது.

“வெரல் ஏம்மா இப்படி கோணிக்கினு இருக்குது?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ஆட்டுக்கல்லுல மாட்டிக்கிச்சும்மா.”

ஆஸ்பத்திரியில், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, டாக்டரிடம் நான் சொன்ன கதை அது.