கரி பிடிக்கும் பாத்திரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. பாய்லர்களுக்குக் குழாய் வளைத்துக் கொடுப்பதுதான் அங்கே தொழில். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ரயிலில் போய், அடுத்தவர் வரைந்த படங்களைக் காப்பி எடுப்பேன். எரிச்சலாக வரும். நானும் இன்ஜினியர்தானே!

அப்போது ஒரு கல்லூரிப் பேராசிரியர் புதுமாதிரியான ஆர்டரோடு வந்தார். புகையிலிருக்கும் கரியமில வாயுவை மட்டும் பிடித்து வைக்கிற பாத்திரம் வேண்டுமாம். உள்ளே ஜவ்வரிசி போல மணிகள். வாயுவைப் பிடிக்கும்போது அவை சூடாகும். சூடானால் பிடித்ததை விட்டுவிடும். அதனால் நடுவே தண்ணீர்க் குழாய்கள் ஓட வேண்டும். குழாயைச் சுற்றி மெல்லிய தகடுகள் நெருக்கமாக நின்று, மணிகளின் சூட்டைக் குழாய்க்குக் கடத்த வேண்டும். டிசைனை நான் செய்கிறேன் என்று முந்திக்கொண்டேன்.

"செய்யி. சொதப்பினா பழையபடி காப்பி எடுக்கப் போயிடணும்" என்றார் முதலாளி.

படத்தை மேஸ்திரியிடம் கொடுத்து, "அண்ணே, இது கரி புடிக்கிற பாத்திரம், பாத்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு லீவில் போனேன்.

திரும்பி வந்தால், தகடுகள் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கின்றன. மறுநாள் பேராசிரியர் வருகிறார். பட்டறை அதிரக் கத்தினேன்.

"இன்னாம்மா கத்துறே? கரி புடிக்கும்னு நீதானே சொன்னே? இவ்ளோ நெருக்கமா வச்சா தேய்க்கறதுக்கு கை எப்டி போவும்? அதான் வழி வுட்டுக்கீறேன். தேய்க்க கம்பி நார் கூட வாங்கியாந்துக்கீறேன், பாரு" என்றார் மேஸ்திரி.

அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குச் சொல்கிற வார்த்தையைத்தான் நானும் சொல்லியிருந்தேன்.

வடிகட்டிய ஜெனரேட்டர் புகையை உள்ளே விட்டுப் பார்த்தோம். மணிகளுக்கு நடுவே செருகிய தெர்மாமீட்டர் விறுவிறுவென்று ஏறியது. சூடு குழாய்க்குப் போய்ச் சேரவே இல்லை. இனி காப்பி எடுக்கிற வேலைதான் என்று நினைத்தபடி, மேஸ்திரி வாங்கி வந்த பையைக் கோபமாகத் தள்ளினேன். பித்தளைக் கம்பி நார்ச் சுருள்கள் தரையில் உருண்டன.

பித்தளை! சூட்டைக் கடத்த அதைவிட வேறென்ன வேண்டும்?

"அண்ணே, பாத்திரத்தைப் பிரிங்க!"

எல்லாரும் உட்கார்ந்து, தகடுகளின் இடைவெளியில் கம்பி நாரைப் பிரித்துப் பிரித்து அடைத்தோம். அதன் கண்களுக்குள் மணிகள் இறங்கும்படி தட்டித் தட்டிக் கொட்டினோம்.

மறுநாள் பேராசிரியர் முன்னால் தெர்மாமீட்டர் கொஞ்சம் ஏறியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. சூடு குழாய்க்குப் போகிறது! அவர் பாத்திரத்தில் பதித்திருந்த கண்ணாடி ஜன்னல் வழியே உற்றுப் பார்த்து, "நடுவுல பளபளன்னு என்ன அது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "கரி புடிச்சா தேய்க்கறதுக்கு சார்."

பேராசிரியர் சிரித்துக்கொண்டே ஆர்டரை உறுதி செய்தார். அவர் போனதும் முதலாளி என் மேஜையிலிருந்த காப்பித் தாள்களை அள்ளிக்கொண்டார். "இனிமே படமெல்லாம் நீயே போடும்மா" என்றார். "ஆனா மேஸ்திரிக்கு நான் வெளக்கிக்கிறேன்."