அந்தம்மா சோறு பிசைந்த ஏழு நிமிடம்

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவனுக்குப் படம் நன்றாக இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள்

அன்று ஆரப்பாளையம் பக்கம் எங்கள் தியேட்டரில் மேட்னிக்கு இருந்தவர்கள்: மேனேஜர், ஆப்பரேட்டர், கேன்டீன்காரர், நான், படம் பார்க்க முப்பத்தெட்டுப் பேர். சீட் நானூற்றுப் பன்னிரண்டு. பாட்டும் சண்டையும் இல்லாத சின்னக் குடும்பப் படம். முந்தின படம் பிடிக்காமல் பிளேடால் ஆறு சீட்டைக் கிழித்துவிட்டார்கள், தைத்து வைத்திருந்தோம். மேனேஜர் என்னிடம் சொன்னார்: "இனி ஒரு சீட் கிழிஞ்சாலும் நீங்க வீட்லயே இருந்துக்கங்கண்ணே."

சத்தமில்லாத இடம்

படத்தில், வெளியே போன மகன் திரும்பவில்லை. அம்மா சோறு பிசைந்தபடி காத்திருக்கிறாள். ஏழு நிமிடம் பேச்சே கிடையாது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் விரல் நிற்கும். சத்தம் கடந்துபோனதும் மறுபடி பிசைவாள். நடித்தவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. நானே இரண்டு தடவை திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தேன்.

யாரோ ஒருவன் விசிலடித்தான். பிளேடை எடுக்கப் போகிறார்கள் என்று டார்ச்சை இறுகப் பிடித்தேன். பக்கத்து சீட்காரர் அவனை அடக்கினார்: "சும்மா இருடா மாப்ள, அந்தப் பையன் வாரானான்னு கேக்கணும்."

வெட்டு

விசில் மேனேஜர் காதிலும் விழுந்திருந்தது. மறுநாள் மேட்னிக்கு முன் ஆப்பரேட்டரிடம் சொன்னார்: "பேச்சில்லாம அம்புட்டு நேரம் ஓட்டுனா கிழிச்சிருவாய்ங்க. அந்தத் துண்டைத் தூக்கிரு."

இரண்டாம் நாள்

எண்பத்தொரு பேர் வந்தார்கள். பதினொரு முகம் நேற்று பார்த்தவை. வீட்டு ஆட்களையும் கூட்டி வந்திருந்தார்கள். அம்மா சோற்றில் கை வைத்தாள், திரையில் உடனே விடிந்துவிட்டது. பதினொரு பேரும் எழுந்து என்னை நோக்கி வந்தார்கள். நான் சுவரோரம் ஒதுங்கினேன். முதலில் வந்தவன் நேற்று விசிலடித்தவன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டான்: "எங்காத்தாவக் கூட்டி வந்ததே அந்தம்மா சோறு பிசையிறதக் காட்டத்தாண்ணே. அது எங்க?"

யாரிடமும் எதிர்த்துப் பேசாத நான் ஆப்பரேட்டர் அறைக்கு மாடியேறினேன். மேனேஜரைக் கேட்கவில்லை. ஆப்பரேட்டர் வெட்டிய பிலிம் துண்டைச் சுருட்டி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். படத்தை நிறுத்தி ஹால் விளக்கைப் போட்டுவிட்டு அதை ஒட்டினார், ஒட்டியபடியே சொன்னார்: "வெட்டுறப்ப எனக்கே கை வரலண்ணே." பிறகு அந்தம்மா சோற்றில் கை வைக்கும் இடத்திலிருந்து மறுபடி ஓட்டினார்.

எண்ணிக்கை

படம் முடிந்ததும் டார்ச் அடித்து எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு சீட்டும் முழுசாக இருந்தன, அவற்றில் நான்கில் மட்டும் ஆட்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைப் போகச் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்தது.